பி.எஸ்சி. சேர்வதற்கு முன்: தகுதி, தரவரிசை, ஆறு செமஸ்டரின் கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே "எந்த காலேஜ்?" என்று கேட்கிறார்கள். "எந்த பி.எஸ்சி., அதோடு எந்த அலைடு?" என்று கேட்பவர் குறைவு. அலைடு என்பது மேஜர் பாடத்தோடு சேர்த்துப் படிக்கும் துணைப்பாடம். மூன்று வருஷம் கழித்து எம்.எஸ்சி., பி.எட்., எம்.சி.ஏ. என்று எதற்குப் போனாலும் கல்லூரியின் பெயரை விட இந்த இரண்டாவது கேள்விக்கான பதில்தான் முன்னால் வந்து நிற்கும். இங்கே சொல்வது தமிழ்நாட்டு அரசு, உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரிகளின் மூன்றாண்டு பி.எஸ்சி. பற்றி. பி.எஸ்சி. நர்சிங், பி.எஸ்சி. விவசாயம் இரண்டும் பெயரில்தான் பி.எஸ்சி. அவற்றின் விண்ணப்பமும் கலந்தாய்வும் தனி. இந்தக் கட்டுரை அவற்றுக்குப் பொருந்தாது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதுவும் வேறு வழி.

எந்த குரூப், எந்த பாடம்

பிளஸ் டூவில் எல்லாப் பாடத்திலும் 35 வாங்கித் தேறியிருக்க வேண்டும். பிராக்டிகல் உள்ள பாடத்தில் தியரி 70க்கு 15 இருந்தாக வேண்டும் என்பதும் அந்தத் தேர்ச்சிக்குள் அடங்கியதுதான். அதற்கு மேல் ஒவ்வொரு பி.எஸ்சி.க்கும் "இந்தப் பாடம் படித்திருக்க வேண்டும்" என்று பல்கலைக்கழகம் ஒரு வரி போட்டிருக்கும். எல்லாமே அந்த வரியில்தான் இருக்கிறது.

கணிதத்துக்கு பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும். பிசினஸ் மேத்ஸ் அதற்கு ஈடாகாது என்பதே பொது நிலை. இயற்பியலுக்கு இயற்பியல், வேதியியலோடு கணிதமும் கேட்பார்கள். கேட்காத இடத்திலும் கணிதம் இல்லாமல் சேர்வது புத்திசாலித்தனம் இல்லை, முதல் செமஸ்டரிலேயே வகையீடும் தொகையீடும் வந்துவிடும். வேதியியலுக்கு வேதியியல் போதும். பியூர் சயின்ஸ் குரூப்பில் தாவரவியலும் விலங்கியலும் படித்தவர்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது, ஆனால் அவர்களுக்குக் கிடைக்கும் அலைடு வேறாக இருக்கலாம். தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் எல்லாம் உயிரியல் படித்தவர்களுக்கானவை. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் குழப்பம்: சில பல்கலைக்கழகங்கள் கணிதம் கட்டாயம் என்கின்றன, சில கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ், பிசினஸ் மேத்ஸ் இவற்றில் ஒன்று போதும் என்கின்றன. புவியியல், உளவியல் இரண்டும் பெரும்பாலும் எந்த குரூப்புக்கும் கிடைக்கும்.

பக்கத்து ஊர்க் கல்லூரியில் இப்படித்தான் என்று நம்பிப் போகாதீர்கள். கோவை பாரதியார், திருச்சி பாரதிதாசன், சேலம் பெரியார், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் என்று பல்கலைக்கழகம் மாறினால் இந்த வரியும் மாறும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டமும் அவர்களுடையதே. கல்லூரி ப்ராஸ்பெக்டஸில் "தகுதி" என்ற கட்டத்தைப் படித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் அலுவலகத்தில் பல்கலைக்கழகத்தின் ஒழுங்குமுறை நகலைக் காட்டச் சொல்லுங்கள். தகுதி இல்லாமல் சேர்ந்துவிட்டவருக்குச் சிக்கல் உடனே தெரியாது. பல்கலைக்கழகம் சேர்க்கைப் பட்டியலைச் சரிபார்க்கும்போதுதான் தெரியும். அதற்குள் மற்ற கல்லூரிகளில் இடங்கள் நிரம்பியிருக்கும்.

விண்ணப்பமும் தரவரிசையும்

அரசுக் கல்லூரிகளுக்கெல்லாம் டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. இணையதளம் ஒன்றுதான். பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டி மே மாதத்தில் திறக்கும். சமீப ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். உதவிபெறும் கல்லூரிகளும் தனியார் கல்லூரிகளும் தனித்தனியாக விண்ணப்பம் வாங்கும். உதவிபெறும் கல்லூரியில் ஒரே கட்டடத்தில் எய்டட் பிரிவும் சுயநிதிப் பிரிவும் ஓடும், கட்டணம் மட்டும் பல மடங்கு வித்தியாசப்படும். எந்தப் பிரிவில் இடம் தருகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தரவரிசை எப்படிப் போடுகிறார்கள் என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 600க்கு எவ்வளவு என்பது அறிவியல் பாடத்துக்குக் கணக்கே இல்லை. மொழிப்பாடம் இரண்டையும் தள்ளிவிட்டு மீதி நான்கு பாடத்துக்கு, 400க்குத்தான் ரேங்க். ஒரு மாணவிக்கு தமிழ் 88, ஆங்கிலம் 71, இயற்பியல் 78, வேதியியல் 74, கணிதம் 69, உயிரியல் 81 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 461. ஆனால் பி.எஸ்சி. ரேங்குக்கு எடுப்பது 302 மட்டும். தமிழில் வாங்கிய 88 அவருக்கு பி.ஏ. தமிழ் கேட்டால்தான் உதவும். 440 வாங்கிய பக்கத்து வீட்டுப் பையன் நான்கு பாடத்தில் 310 வைத்திருந்தால் அவன் முன்னால் போய்விடுவான்.

அடுத்தது இடஒதுக்கீடு. பொதுப்பிரிவு 31, பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1 சதவீதம். 40 இடம் உள்ள துறை என்றால் பொதுப்பிரிவில் சுமார் 12, பி.சி.க்கு 10 அல்லது 11, எம்.பி.சி.க்கு 8, எஸ்.சி.க்கு 6. பொதுப்பிரிவு என்பது ஓ.சி. சாதியினருக்கு மட்டும் என்று நினைப்பது தவறு. மதிப்பெண் இருந்தால் யாரும் அதில் வரலாம். விண்ணப்பத்தில் பி.சி. முஸ்லிம் என்பதற்குப் பதில் பி.சி. என்றோ, அருந்ததியர் என்பதற்குப் பதில் எஸ்.சி. என்றோ டிக் செய்துவிட்டு, கலந்தாய்வில் சான்றிதழோடு ஒத்துப்போகாமல் நிற்பது வருஷா வருஷம் நடக்கிறது. சாதிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பத்தை நிரப்புங்கள், நினைவிலிருந்து வேண்டாம்.

கலந்தாய்வை ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே நடத்தும். முதலில் மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் படைவீரர் வாரிசுகள் போன்ற சிறப்புப் பிரிவு, பிறகு பொதுக் கலந்தாய்வு. பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கி பாஸ்புக், போட்டோ எல்லாம் வேண்டும். சி.பி.எஸ்.இ. மாணவர்களுக்கு மைக்ரேஷன் சான்றிதழும். அசல்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதால் அதற்கு முன்பே ஐந்தாறு செட் ஜெராக்ஸ் போட்டு, ஸ்கேனும் எடுத்து வையுங்கள். உதவித்தொகைக்கு, விடுதிக்கு, பஸ் பாஸுக்கு என்று பிறகு ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். குறிப்பிட்ட நாளில் பணம் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

முதல் சுற்றில் கிடைக்கவில்லை என்றால் அவசரப்பட்டுப் பிடிக்காத பாடத்தில் விழ வேண்டாம். பொறியியல் கலந்தாய்வு இதற்குப் பிறகுதான் நடக்கிறது. அங்கே இடம் கிடைத்தவர்கள் டி.சி.யை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது இயற்பியலிலும் கணிதத்திலும் இடங்கள் காலியாகும். ஜூலை, ஆகஸ்ட் வரை கல்லூரி அறிவிப்புப் பலகையையும் தளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தால் பலன் உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸில் இந்த நம்பிக்கை கொஞ்சம் குறைவு.

அரசுக் கல்லூரியில் இளநிலைக்குக் கல்விக் கட்டணம் இல்லை. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வரும்: பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன். வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காததால் பணம் வராமல் நிற்பதே அதிகம்.

மூன்று வருஷத்துக்குள் என்ன இருக்கிறது

2023-24ல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டம் வந்த பிறகு அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. ஆறு செமஸ்டர், 140 கிரெடிட் (கிரெடிட் என்பது ஒவ்வொரு தாளுக்கும் உள்ள எடைப்புள்ளி). வாரம் 30 மணி நேரம், ஆறு நாள் டே ஆர்டர், அதாவது கிழமைக்குப் பதில் நாள் ஒன்று, நாள் இரண்டு என்று சுழலும் கால அட்டவணை. செமஸ்டர் வாரியாக 23, 23, 22, 25, 26, 21 கிரெடிட். ஐந்தாவதுதான் கனமானது என்பது எண்ணிலேயே தெரிகிறது.

பகுதி ஒன்று தமிழ் (அல்லது வேறு மொழி), பகுதி இரண்டு ஆங்கிலம். இரண்டும் நான்கு செமஸ்டருக்கு, தலா 12 கிரெடிட். பகுதி மூன்றுதான் உங்கள் பாடம்: கோர் (முதன்மைத் தாள்), எலெக்டிவ் (விருப்பத் தாள்), பிராக்டிகல், புராஜெக்ட் எல்லாம் சேர்ந்து 92. பகுதி நான்கிலும் ஐந்திலும் திறன் பாடங்கள், வேறு துறையிலிருந்து எடுக்கும் நான்-மேஜர் எலெக்டிவ், சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, நான்காவது செமஸ்டர் முடிந்த விடுமுறையில் செய்யும் இன்டர்ன்ஷிப், என்.எஸ்.எஸ். போன்ற விரிவாக்கப் பணி, மொத்தம் 24. மாநில அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சிகளும் இடையில் வந்து சேரும்.

முதல் நான்கு செமஸ்டரில் வரும் ஜெனரிக் எலெக்டிவைத்தான் எல்லோரும் இன்னும் அலைடு என்கிறார்கள். 3 கிரெடிட்தானே என்று அலட்சியம் வேண்டாம். வேதியியல் மாணவர் கணிதமும் இயற்பியலும் எடுத்தால் எம்.எஸ்சி. வேதியியலுக்கு வழி சிக்கலில்லாமல் இருக்கும். தாவரவியலும் விலங்கியலும் எடுத்தவரைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கும், சில ஏற்காது. எம்.சி.ஏ.க்குப் போக நினைப்பவர் பிளஸ் டூவில் கணிதம் படிக்கவில்லை என்றால் பட்டப்படிப்பிலாவது கணிதத் தாள் இருக்க வேண்டும். பி.எட். சேர்க்கைக்கு மேஜரும் அலைடும் சேர்ந்த மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள்: ஓ.சி. 50, பி.சி. 45, எம்.பி.சி. 43, எஸ்.சி., எஸ்.டி. 40 சதவீதம். கல்லூரி எந்த அலைடு தருகிறதோ அதைத்தான் எடுக்க முடியும். இரண்டு கல்லூரியில் இடம் கிடைத்தால் இதை வைத்து முடிவு செய்யுங்கள்.

பட்டத்தின் பெயரையும் பாருங்கள். வெறும் இயற்பியல், வேதியியல், கணிதம் என்றால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கேள்வி வராது. பெயரோடு "அப்ளைடு", "டெக்னாலஜி" என்று ஏதாவது ஒட்டியிருந்தால், அது மூலப் பாடத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா எனச் சேர்வதற்கு முன் கேட்டுவிடுங்கள். ஆசிரியர் பணிக்கு இது ரொம்ப முக்கியம்.

தேர்வும் தேர்ச்சியும்

ஒரு தாளுக்கு உள்மதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. பெரும்பாலான இடங்களில் மொத்தம் 40 வேண்டும், அதோடு 75க்கு 30ம் தனியாக வேண்டும். இன்டர்னலில் 22 வைத்திருப்பவர் எக்ஸ்டர்னலில் 28 எடுத்தால் மொத்தம் 50 ஆனாலும் அரியர்தான். இன்டர்னல் காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள் விழும் இடம் இது. மறுபக்கம், இன்டர்னலைக் கோட்டை விட்டால் அதைப் பிறகு சரிசெய்யப் பல இடங்களில் வழியே இல்லை. அரியரை எழுதித் தேறினாலும் இன்டர்னலில் வாங்கிய 8, 9 அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும், முதல் வகுப்புக்கான 60 சதவீதத்தைக் கீழே இழுக்கும். சைக்கிள் டெஸ்ட்டுக்கு (செமஸ்டருக்கு நடுவே கல்லூரி வைக்கும் தேர்வு) போகாமல் இருப்பதும் அசைன்மெண்ட் தேதியைத் தவறவிடுவதும்தான் பெரும்பாலும் காரணம்.

வருகைப்பதிவு 75 சதவீதம். 65 முதல் 74 வரை அபராதம் கட்டி எழுதலாம். 50 முதல் 64 என்றால் அந்த முறை எழுத விடமாட்டார்கள், அடுத்த முறைதான். 50க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். பகுதி நேர வேலைக்குப் போகிறவர்கள் ஷிப்ட் இரண்டில் இடம் கேட்பது நல்லது. அரசுக் கல்லூரியில் பிற்பகல் ஷிப்டுக்கும் அதே கட்டணம்தான்.

பிராக்டிகல் விஷயத்தில் ரெக்கார்டு நோட்டு இல்லாமல் தேர்வு அறைக்குள் விடமாட்டார்கள். வேதியியல் லேபில் டைட்ரேஷன் செய்த அன்றே பியூரெட்டின் தொடக்க, இறுதி அளவுகளை அப்சர்வேஷன் நோட்டில் எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த லேபுக்கு முன் ரெக்கார்டில் ஏற்றுங்கள். மார்ச்சில் உட்கார்ந்து மொத்தத்தையும் எழுதுகிறவர் அளவுகளை நண்பரிடமிருந்து காப்பி அடிக்கிறார். இரண்டு பேருக்கும் எல்லா அளவும் அப்படியே ஒன்றாக இருந்தால் எந்த எக்ஸாமினருக்கும் சந்தேகம் வரும், வைவாவில் கேள்வியும் அங்கிருந்துதான் தொடங்கும்.

அரியர் இருந்தாலும் அடுத்த செமஸ்டருக்குப் போகலாம். தேர்வு நவம்பரிலும் ஏப்ரலிலும். முதல் வருஷத் தமிழ், ஆங்கில அரியரை "கடைசியில் பார்த்துக்கலாம்" என்று விட்டால் ஐந்தாவது செமஸ்டரின் நான்கு கோர் தாளோடு சேர்ந்து வரும். மறுமதிப்பீட்டுக்கு ரிசல்ட் வந்த சில நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். விடைத்தாள் நகல் தரும் பல்கலைக்கழகம் என்றால் முதலில் நகலை வாங்கிப் பாருங்கள், கூட்டல் பிழை அங்கேயே தெரிந்துவிடும்.

தமிழ்வழியில் படிப்பவர்கள் கடைசி செமஸ்டர் முடிந்து டி.சி. வாங்கப் போகும்போதே தமிழ்வழியில் படித்ததற்கான பி.எஸ்.டி.எம். சான்றிதழையும் கல்லூரி முதல்வர் கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். மாநில அரசு வேலையில் இதற்கு 20 சதவீத இடம் இருக்கிறது. பள்ளியிலிருந்தும் இதே சான்றிதழ் தேவைப்படும் என்பதால் அந்த வேலையையும் சேர்த்தே முடிப்பது நல்லது.