வெள்ளவத்தையில் தொடர்மாடி வீட்டை வாடகைக்கு எடுக்கும் முன்

கொழும்பில் வாடகை வீடு தேடும் தமிழ்க் குடும்பங்களில் பல முதலில் நாடுவது வெள்ளவத்தையைத்தான். காலி வீதியில் 100, 101 ஆம் இலக்கப் பேருந்துகள் புறக்கோட்டை வரை ஓடுகின்றன. கரையோரப் பாதையில் புகையிரத நிலையம் உண்டு. கடைத்தெருவும் தமிழ்ச் சங்கமும் நடந்து செல்லும் தொலைவில் இருக்கின்றன. வாடகை உயர்வதற்கும் இந்த வசதிகளே காரணம் என்பதால், அவற்றில் எதை நீங்கள் அன்றாடம் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள். கோட்டையில் வேலை செய்பவருக்குப் புகையிரத நிலையத்துக்கு அருகிலுள்ள ஒழுங்கை பொருந்தும். ஹவ்லொக் வீதிப் பக்கம் பிள்ளைகளை அனுப்புபவருக்கு டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை வசதியானது. கடற்பக்க வீடுகளில் காற்று நன்றாக வரும், ஆனால் புகையிரதச் சத்தமும், யன்னல் கம்பிகளையும் குளிரூட்டியையும் அரிக்கும் உப்புக்காற்றும் உடன்வரும்.

ஊரிலிருந்தபடியே படங்களைப் பார்த்துத் தரகருக்கு முற்பணம் அனுப்ப வேண்டாம். நீங்களோ நம்பிக்கையான உறவினரோ நேரில் சென்று, மாலை நெரிசல் வேளையிலும் ஒருமுறை பார்க்க வேண்டும். மேல்மாடியில் நீர் எவ்வளவு வேகமாக வருகிறது, மின்வெட்டின்போது மின்தூக்கி இயங்குமா, வாகனத்துக்கு இடம் உண்டா, பராமரிப்புக் கட்டணத்தை யார் கட்டுவது என்பவற்றைக் கேட்டறியுங்கள்.

பலரும் கவனியாமல் விடுவது மின்மானியை. வீட்டு மின்கட்டணம் பாவனை கூடக்கூட ஓர் அலகின் விலையும் உயரும் படிநிலையில் கணிக்கப்படுவதால், ஒரே மானியில் இரண்டு வீடுகள் இணைந்திருந்தால் இரு குடும்பங்களின் பாவனையும் ஒன்றாகக் கூட்டப்பட்டு, சிக்கனமாக வாழ்பவரும் உயர்ந்த படியின் விலையைச் செலுத்த நேரிடும். வீட்டின் ஒரு பகுதியைப் பிரித்து அனெக்ஸாகக் கொடுக்கும் இடங்களில் இது பெரிதும் நிகழ்கிறது. தனி மானி உள்ளதா என்று கேட்பதோடு நில்லாமல், கடைசி மூன்று மாதப் பட்டியல்களையும் காட்டச் சொல்லுங்கள். பழைய நிலுவை இருந்தால் அதுவும் தெரியவரும்.

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் கையொப்பமிடப்பட வேண்டும். சாதாரணத் தாளில் இருவரும் கையெழுத்திட்ட கடிதம் அந்தக் குத்தகைக் காலத்துக்கு வலுவான உறுதி (சட்டப் பத்திரம்) ஆகாது. அதன்பேரில் குடியிருப்பவர் மாத வாடகையாளராகவே கருதப்படக்கூடும். ஆகவே செலவு பாராமல் நொத்தாரிசு உறுதியையே வலியுறுத்துங்கள். உறுதி ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால் ஒவ்வொரு பிரிவையும் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். முற்பணம் மாத வாடகையில் கழிக்கப்படுமா, முடிவில் திருப்பித் தரப்படுமா என்பதும், வர்ணம் பூசும் செலவு அதிலிருந்து பிடிக்கப்படுமா என்பதும் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும், ஏனெனில் வீட்டை விடும் நாளில் தகராறு எழுவது பெரும்பாலும் இதில்தான்.

திறப்பைப் பெறும்போது மின்மானி அன்று காட்டும் அலகுகளையும் சுவர், தளபாடங்களின் நிலையையும் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவையுங்கள். கையொப்பமிடும் முன்னரே இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அந்த முகவரியில் கிராம உத்தியோகத்தரிடம் பதிவதற்கும் வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்ப்பதற்கும் உரிமையாளர் இணங்குவாரா? சிலர் பின்னர் தயங்குவார்கள். பாடசாலை அனுமதிக்கு வதிவிடச் சான்று தேவைப்படும் குடும்பம், அந்த இணக்கத்தையும் உறுதியிலேயே எழுதிப் பெறுவது நல்லது.