மூடி போடாமல் பீர் புளிக்க வைப்பது: எப்போது மூட வேண்டும் என்பதுதான் விஷயம்

வோர்ட் (பீராக மாறப்போகும் மால்ட் சாறு) காய்ச்சி ஆறவைப்பது வரை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். (தமிழ்நாட்டில் இருந்தால் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அங்கே வீட்டில் காய்ச்சுவது குற்றம்.)

முதல் முயற்சிக்கு பவேரிய கோதுமை பீர்தான் சரி. அகலமான, ஆழம் குறைந்த பாத்திரத்தில் ஈஸ்டின் மேல் அழுத்தம் குறைவு, அதனால் வாழைப்பழ வாசனை தூக்கலாக வரும். 20 லிட்டருக்கு நான் 35 லிட்டர் எவர்சில்வர் அண்டா எடுப்பேன், ஏனென்றால் நுரை பொங்குவதற்கு இடம் வேண்டும். பிளாஸ்டிக் வாளி வேண்டவே வேண்டாம், கீறலுக்குள் போன கிருமி எத்தனை கழுவினாலும் போகாது. ஈஸ்ட் என்றால் எனக்கு வையீஸ்ட் நிறுவனத்தின் 3068 என்ற கோதுமை பீர் ஈஸ்ட்தான்.

18 டிகிரியில் ஈஸ்டைப் போட்டதும் திறந்து வைக்காதீர்கள். கரியமில வாயு வெளியே வரும்வரை வோர்ட்டுக்குக் காவல் கிடையாது. மூடியைச் சும்மா மேலே வைத்து, நுரை முழுதாகப் படர்ந்த பிறகு எடுத்துவிட்டு, மெல்லிய மஸ்லின் துணியை இழுத்துக் கட்டுங்கள். மறுநாள் வெள்ளை நுரையின் மேல் பழுப்பாக, பிசுபிசுவென்று திட்டுத்திட்டாக ஏறி நிற்கும். அது ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) கசடு, நாக்கில் வைத்தால் கசப்பு தாங்காது. ஸ்டார் சான் என்ற கிருமிநாசினியில் நனைத்த கரண்டியால் வழித்துப் போடுங்கள்.

நான் கோட்டை விட்டது இதற்கு அப்புறம்தான். நுரையின் அழகைப் பார்த்துக்கொண்டே ஆறு நாள் விட்டுவிட்டேன். நுரை எப்போதோ அமுங்கியிருந்தது, துணியின் ஓரத்து இடைவெளியில் பழ ஈக்கள் போய் வந்துகொண்டிருந்தன, அவை கொண்டுவந்த அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியா 20 லிட்டரையும் வினிகராக்கிவிட்டது. எல்லாம் சாக்கடைக்குப் போனது.

இப்போது நாட்களை எண்ணுவதில்லை, ஹைட்ரோமீட்டரைத்தான் (பீரின் அடர்த்தியை அளந்து, சர்க்கரை எவ்வளவு குறைந்தது என்று காட்டும் கருவி) நம்புகிறேன். 1.050-இல் தொடங்கிய பீர் 1.020-க்கு வந்ததும் (எனக்குப் பெரும்பாலும் மூன்றாம் நாள்) ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) போட்ட பாத்திரத்துக்குச் சலசலக்காமல் மாற்றிவிடுவேன். 1.012 வரை இறங்க இன்னும் கொஞ்சம் சர்க்கரை பாக்கி இருப்பதால், மேலே இருக்கும் காற்றை அதுவே வெளியே தள்ளிவிடும்.

பிறகு சேர்த்தது: ஐந்தாம் நாளும் நுரை அமுங்கவில்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். கோதுமை ஈஸ்ட் அப்படித்தான் அடம் பிடிக்கும். ஹைட்ரோமீட்டரில் 1.020 வந்துவிட்டால் நுரை இருக்கும்போதே மாற்றுங்கள்.

இன்னொருவர் ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமில் வைத்திருக்கிறாராம். அங்கே வேண்டாம், கரியமில வாயு தேங்கும். காற்றோட்டமான அறைக்கு மாற்றுங்கள், ஆனால் ஃபேனுக்கு நேர் கீழே வைக்காதீர்கள்.