எழுதத் தெரியாத அம்மாயிக்கும் ஞாபகச் சோதனை உண்டு

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருத்துவிச்சியாக இருந்தேன். "வயசானா மறதி வரத்தானே செய்யும்" என்று பெரியவர்களை அப்படியே விட்டுவிடும் வீடுகள், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு லயம் உண்டு. தயவுசெய்து விடாதீர்கள். வீட்டிலேயே பார்க்கக்கூடிய சின்னச் சோதனைகள் இருக்கின்றன. நோய் இன்னதென்று அவை சொல்லாது. டாக்டரிடம் காட்ட வேண்டுமா என்று சொல்லும்.

காய்ச்சல், தூக்கக் குறைவு இல்லாத நாளாகப் பார்த்து, பகல் வெளிச்சத்தில் உட்காருங்கள். காது மந்தமென்றால் முகம் பார்த்து நிதானமாகப் பேசுங்கள். காதில் விழாததை மறதிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பேரப்பிள்ளைகள் பதில் எடுத்துக்கொடுக்க விடாதீர்கள்.

படித்தவர் என்றால் 'மினி-கோக்' மூன்று நிமிட வேலை. வாழைப்பழம், சூரிய உதயம், நாற்காலி என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்ல வையுங்கள். அப்புறம் ஒரு வட்டத்துக்குள் கடிகார எண்களை எழுதி, முள்ளை 11 மணி 10 நிமிடத்துக்கு வைக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் அந்த மூன்று சொற்களைக் கேளுங்கள். சொல்லுக்கு 1 புள்ளி, சரியான கடிகாரத்துக்கு 2, தப்பென்றால் 0. ஐந்துக்கு 3க்குக் கீழே என்றால் காட்டத்தான் வேண்டும். செக்ரோல், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேடு எழுதிய கணக்கப்பிள்ளை ஒருவர் பன்னிரண்டு எண்களையும் வட்டத்தின் வலப்பக்கமே நெருக்கி எழுதி, ஒரு முள்ளை 11லும் மற்றதை 10லும் வைத்தார். எழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது.

சின்ன வயசிலேயே கொழுந்துக்கூடை மாட்டிய அம்மாயியிடம் இந்தப் பேப்பரை நீட்டாதீர்கள். பேனா பிடித்துப் பழகாத கை கடிகாரம் வரையாததை மூளைக் கோளாறு என்று சொல்வது அநியாயம். ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்கிறார் என்று எண்ணுங்கள். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு எண்ணிக்கை இயல்பாகவே குறையும். அதனால் திகதி போட்டு எழுதிவைத்து, ஆறு மாதம் கழித்து அவருடைய கணக்கோடேயே ஒப்பிடுங்கள். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாரா என்றும் பாருங்கள்.

எனக்கு அதிக நம்பிக்கை, வீட்டாரிடம் கேட்கும் 'ஏடி8' மேல்தான். அதில் எட்டுக் கேள்விகள். இந்தச் சில வருஷங்களில் மாற்றம் வந்திருக்கிறதா என்பதே எல்லாவற்றுக்கும் அடிப்படை. அவற்றில் சில இவை: ஒரே கதையை மறுபடி மறுபடி சொல்கிறாரா? கிளினிக் நாளை மறக்கிறாரா? மாதம், வருஷம் தடுமாறுகிறதா? காசுக் கணக்கு பிசகுகிறதா? திருவிழா என்றால் முதல் ஆளாக நின்றவர் இப்போது ஆர்வமே இல்லாமல் இருக்கிறாரா? எட்டில் இரண்டுக்கு "ஆமாம்" வந்தாலே டாக்டரைப் பாருங்கள்.

இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழம்பினால் சோதனை எதுவும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கிருமித்தொற்றாக இருக்கலாம். மெதுவாக வந்த மறதியிலும் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சாப்பிடும் மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் இருக்கலாம். கிளினிக் கொப்பியையும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கூடப் போவது கொழும்பிலிருந்து லீவுக்கு வந்த மகனாக மட்டும் இருக்க வேண்டாம். தினமும் அவருக்குச் சோறு போடும் மருமகளும் போகட்டும்.