படம் பார்த்த கையோடு நோட்டை எடுங்கள்

தியேட்டரை விட்டு வெளியே வரும்போது "எப்படி இருந்துச்சு?" என்று யாராவது கேட்டால் ஒரு பத்து நிமிடம் வாயைத் திறக்காதீர்கள். டீ குடிக்கலாம், வண்டியைத் தேடலாம். "சூப்பர்" என்றோ "மொக்கை" என்றோ ஒருமுறை சொல்லிவிட்டால், அப்புறம் மனசு அதற்கே வக்காலத்து வாங்கிக்கொண்டிருக்கும்.

என் வழி இதுதான். ஒரு நாற்பது பக்க நோட்டு. வீட்டுக்கு வந்ததும் படத்தில் கண்ணில் நின்றது இரண்டு, காதில் நின்றது ஒன்று எழுதுவேன். கதைச் சுருக்கம் வேண்டாம். "ஒளிப்பதிவு அபாரம்" வேண்டவே வேண்டாம். அதைப் போஸ்டரே சொல்லிவிடும்.

'கொட்டுக்காளி' (2024) பார்த்த இரவு எழுதியது: "சூரி தொண்டையில் சுண்ணாம்பு. கால் கட்டிய சேவல். ஆட்டோ சத்தம்." இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ் இதில் பின்னணி இசையே வைக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் "ஸ்பீக்கர் போச்சா?" என்றார். நானும் முதல் கால் மணி நேரம் நெளிந்தவன்தான். மறுநாள் நோட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. தொண்டை கட்டியவன் கத்திக்கொண்டே இருக்கிறான்; தொண்டைக்கு ஒரு குறையும் இல்லாத, அவனுக்கு நிச்சயமான மீனா ஏறக்குறையப் பேசுவதே இல்லை. இசை இருந்திருந்தால் யாருக்காக வருத்தப்படுவது என்று அதுவே சொல்லிக்கொடுத்திருக்கும். இல்லாததால் அந்த ஆட்டோவில் நானும் ஒரு ஓரமாக உட்கார்ந்து வர வேண்டியதாயிற்று.

மெதுவாக நகரும் படத்தை வீட்டில் பார்ப்பதென்றால் போனை அடுத்த அறையில் வையுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உட்காராதீர்கள். பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் அஸ் லைட்' படத்தை மீன் குழம்புச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டு, பாதியில் தூங்கிப்போனேன். பழி படத்தின் மேல் விழ இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தேன்: நர்ஸ் பிரபாவுக்கு ஜெர்மனியில் இருக்கும் கணவனிடமிருந்து பேச்சு மூச்சில்லை, ஒரு ரைஸ் குக்கர் மட்டும் வந்து சேர்கிறது. ராத்திரி தனியாகத் தரையில் உட்கார்ந்து பிரபா அதைக் கட்டிக்கொள்கிறாள். கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரி விருது வாங்கிய படம் என்பதெல்லாம் அப்போது நினைவிலேயே இல்லை.

கமர்ஷியல் படத்துக்கும் இதே நோட்டுதான். அதற்கென்று சலுகை கிடையாது. முடிச்சை நம்பி ஓடும் படமென்றால் இரண்டாவது முறை பாருங்கள். 'மகாராஜா' முதல் தடவை என்னை அசத்திவிட்டது. முடிச்சு தெரிந்தபின் பார்த்தால், காலத்தை மாற்றி அடுக்கியிருக்கும் சாமர்த்தியம் அப்படியே நிற்கிறது. ஆனால் ஒரு பெண் பிள்ளைக்கு நேர்ந்த கொடுமையை கடைசி அதிர்ச்சிக்காகப் பதுக்கி வைத்திருப்பது உறுத்துகிறது. விஜய் சேதுபதி எவ்வளவு தாங்கியும் எனக்கு அந்த உறுத்தல் போகவில்லை.

விமர்சனங்களை எழுதி முடித்தபின் படியுங்கள். கருத்து மாறினால் பழையதைக் கிழிக்காதீர்கள்; ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். 'மெய்யழகன்' வந்த புதிதில் "இழுவை" என்று எழுதியிருந்தேன். பிறகு படத்தில் சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். வெட்டியதை அக்காவோடு போய்ப் பார்த்தால், இரண்டு ஆண்கள் உட்கார்ந்து பேசும் அந்த ராத்திரிப் பேச்சு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட மாதிரி ஓடியது. "இழுவை" மேல் கோடு விழுந்தது. கீழே எழுதியிருப்பது: "இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்."