மேயர்கள் உடன்படிக்கையில் நகராட்சி சேர: கையெழுத்துக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

'குளோபல் கவனன்ட் ஆஃப் மேயர்ஸ்' எனப்படும் உலக மேயர்கள் உடன்படிக்கை, காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க உள்ளாட்சிகள் தாமே முன்வந்து உறுதி தரும் கூட்டணி. இதில் சேரக் கட்டணம் கிடையாது. மேயரோ நகர்மன்றத் தலைவரோ கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் ஒன்று போதும். கடிதத்தைத் தெற்காசியக் கிளைக்கு அனுப்ப வேண்டும். இந்தியாவில் இதற்குத் துணை நிற்பது, உள்ளாட்சிகளின் உலக அமைப்பான ஐக்லியின் (ICLEI) தெற்காசியப் பிரிவு. ஐக்லியில் உறுப்பினர் ஆவது வேறு விஷயம், அதற்குச் சந்தா உண்டு. இரண்டையும் ஒன்றாக மன்றத்தில் வைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சேர்ந்த நாளிலிருந்தே கெடு ஓடத் தொடங்கிவிடும். 2 ஆண்டுக்குள் உமிழ்வுக் கணக்கு (ஊர் வெளியிடும் பசுங்குடில் வாயுக்களின் அளவு), காலநிலை இடர் மதிப்பீடு, இலக்கு மூன்றும் தர வேண்டும். 3 ஆண்டுக்குள் செயல்திட்டம். அதன்பின் 2 ஆண்டுக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை. தகவல் கேட்டுக் கடிதம் எழுதி, நினைவூட்டி, வந்ததைச் சரிபார்ப்பதற்குள் ஓராண்டு போய்விடும். அதனால் வழக்கமான வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: மின் நுகர்வுத் தகவல் கேட்டு மின் பகிர்மானக் கழகத்துக்குக் கடிதம் முதலில், மன்றத் தீர்மானம் பிறகு.

தீர்மானத்தில் என்ன இருக்க வேண்டும்

'காலநிலை மாற்றத்தைக் கருத்தில்கொண்டு' என்று பொதுவாக எழுதி முடிக்கும் தீர்மானம் பின்னால் உதவாது. மூன்று விஷயங்கள் பெயர் சொல்லி இடம்பெற வேண்டும். உறுதிக் கடிதத்தில் கையெழுத்திடத் தலைவருக்கு அதிகாரம். வேலைக்குப் பொறுப்பான பதவி. ஆண்டுச் செலவுக்கான கணக்குத் தலைப்பு. பொறுப்பைப் பதவிக்குத்தான் தர வேண்டும், ஆளுக்கு அல்ல. ஆணையர் மாற்றலாகிப் போனதும் கோப்பு தூங்கிவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. நகராட்சிப் பொறியாளரைப் பொறுப்பாளராகவும் நகர்நல அலுவலரை இணைப் பொறுப்பாளராகவும் வைத்தால் மின்சாரம், குடிநீர், குப்பை மூன்றும் கைக்குள் இருக்கும்.

அறிக்கை தாக்கல் செய்யும் இணையத் தளத்தில் கணக்கு தொடங்குவது அலுவலக மின்னஞ்சலில் இருக்கட்டும். கடவுச்சொல் ஆலோசகரிடம் மட்டும் இருந்தால், ஒப்பந்தம் முடிந்த அன்று உங்கள் தரவும் அவரோடு போய்விடும்.

உமிழ்வுக் கணக்கு

தொடர்ச்சியான 12 மாதக் கணக்கு வேண்டும். நிதியாண்டு, நாட்காட்டி ஆண்டு எதுவானாலும் சரி. முதல் கணக்கின் ஆண்டு, சேரும் ஆண்டுக்கு 4 ஆண்டுகளுக்கு மேல் முந்தியதாக இருக்கக் கூடாது. கட்டடங்களிலும் தொழிற்கூடங்களிலும் செலவாகும் எரிசக்தி, போக்குவரத்து, கழிவு ஆகிய மூன்று துறையும் கட்டாயம்.

மின்சாரத்தில்தான் முதல் சிக்கல். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தின் எல்லையும் நகராட்சி எல்லையும் ஒன்றாக இருப்பதில்லை. 'எங்கள் நகராட்சியின் மின் நுகர்வு எவ்வளவு' என்று கேட்டால் பதில் வராது. பிரிவு வாரியாக, கட்டண வகை வாரியாக, மாத நுகர்வு என்று கேளுங்கள். எல்லையில் இருக்கும் பிரிவுக்கு மட்டும் ஊருக்குள் உள்ள இணைப்புகளின் எண்ணிக்கையை வைத்துப் பிரித்துக்கொண்டு, பிரித்த முறையைக் குறிப்பில் எழுதி வையுங்கள். உயரழுத்த இணைப்புகளின் கணக்கு பெரும்பாலும் மின் பகிர்மான வட்ட அலுவலகத்தில் இருக்கும். அதற்குத் தனிக் கடிதம். தமிழ்நாட்டில் மாவட்டக் காலநிலை இயக்கத்துக்கு ஆட்சியரே இயக்குநர். அவர் கையெழுத்தில் முகப்புக் கடிதம் போனால் வேலை நகரும்.

மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் மின்கட்டமைப்பு உமிழ்வுக் காரணி, அதாவது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஆகும் உமிழ்வு, அண்மை ஆண்டுகளில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.72 கிலோ கார்பன் டை ஆக்சைடு. உங்கள் கணக்கு ஆண்டுக்கு உரிய பதிப்பையே எடுங்கள். 12.5 மில்லியன் யூனிட் என்றால் 9,000 டன். அதே எண்ணை லட்சம் என்று படித்துவிட்டால் 900 டன். இந்தப் பிழையைத் தேட வேண்டிய இடம் கூட்டல் அல்ல, அட்டவணையின் தலைப்பு வரி.

இரட்டைக் கணக்கு இன்னொரு பொறி. தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் நுகர்வு மின்வாரியத்தின் கணக்கிலேயே வந்துவிடும். நகராட்சி கட்டிய பில்களை எடுத்து மறுபடி கூட்டக் கூடாது; நகராட்சியின் சொந்தச் செலவு என்று தனித் தாளில் காட்டலாம். ஊருக்கு வெளியே, ஆற்றங்கரைத் தலைமை நீரேற்று நிலையத்தில் ஓடும் மோட்டாரும் அந்தத் தனித் தாளுக்கே போகும். மேட்டூர், தூத்துக்குடி போல அனல்மின் நிலையம் உள்ள ஊரில், மின்கட்டமைப்புக்குப் போகும் மின் உற்பத்தியின் உமிழ்வைத் தனியாகத் தெரிவிக்க வேண்டும். மொத்தத்தில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் சின்ன ஊர் பெருநகரத்தைத் தாண்டி நிற்கும்.

சமையல் எரிவாயுக்குக் கேஸ் ஏஜென்சிகளிடம் ஆண்டு விற்பனையை வாங்குங்கள். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்தால் சுமார் 42 கிலோ கார்பன் டை ஆக்சைடு. வணிகச் சிலிண்டர் 19 கிலோ, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். ஓட்டலும் கல்யாண மண்டபமும் நிறைந்த ஊரில் இதை விட்டால் கணக்கு குறைந்துவிடும்.

போக்குவரத்துக்குப் பெட்ரோல் பங்க் விற்பனையே எளிய வழி: லிட்டருக்குப் பெட்ரோல் சுமார் 2.3 கிலோ, டீசல் சுமார் 2.7 கிலோ. ஆனால் புறவழிச்சாலைப் பங்கில் டீசல் போடும் லாரி உங்கள் ஊர் லாரி அல்ல. அந்தப் பங்கைச் சேர்த்தீர்களா விட்டீர்களா என்பதை எழுதி வையுங்கள். அடுத்த முறையும் அதையே செய்யுங்கள். முறை மாறினால் ஊர் உமிழ்வைக் குறைத்ததாக எண் பொய் சொல்லும்.

கழிவில், ஊரில் உருவாகும் குப்பை எங்கே கொட்டப்பட்டாலும் உங்கள் கணக்கே. எடைமேடைப் பதிவேடு இருந்தால் அதுதான் ஆதாரம். 'தினம் இத்தனை டன்' என்று எல்லா அறிக்கையிலும் திரும்பத் திரும்ப வரும் எண்ணை நம்ப வேண்டாம். ஒரு வாரம், ஞாயிறும் சந்தை நாளும் உட்பட, வண்டி வண்டியாக எடைபோட்டுப் பாருங்கள். மட்கும் குப்பையின் பங்கையும் அப்போதே பிரித்து அளக்கலாம், மீத்தேன் வருவது அதிலிருந்துதான். கழிவுநீரும் இதே துறைதான். பாதாளச் சாக்கடை இணைப்பு எத்தனை வீடு, செப்டிக் டேங்க் எத்தனை வீடு என்ற பிரிப்பு வேண்டும்.

தகவல் கிடைக்காத இடத்தைப் பூஜ்யமாக விடக் கூடாது. 'நிகழவில்லை', 'வேறிடத்தில் சேர்ந்தது', 'மதிப்பிடவில்லை', 'ரகசியம்' என்று நான்கு குறியீடுகள் உண்டு. 'மதிப்பிடவில்லை' என்பதைச் சிறு மூலங்களுக்கு மட்டும்தான் போடலாம். எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

இடர், இலக்கு

இடர் மதிப்பீட்டுக்கு மாவட்டப் பேரிடர் திட்டத்தை அப்படியே நகல் எடுப்பவர்கள் அதிகம். உடன்படிக்கையின் அறிக்கைப் படிவமோ ஒவ்வோர் இடருக்கும் வரும் வாய்ப்பு, பாதிப்பு, தீவிரமும் அடிக்கடி வருவதும் எப்படி மாறும், பாதிக்கப்படுவோர் யார் என்று கேட்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. மாவட்டச் சராசரியில் அந்த எண் கரைந்துபோகும். அருகிலுள்ள மழைமானியின் பதிவு, தண்ணீர் நின்ற தெருக்களின் பட்டியல், எத்தனை மணி நேரம் நின்றது: துப்புரவு ஆய்வாளர்களை உட்கார வைத்து வார்டு வரைபடத்தில் குறிக்கச் சொன்னால் ஒரே மதியத்தில் முடியும்.

இலக்கு நாட்டின் உறுதிமொழிக்குக் குறைந்ததாக இருக்கக் கூடாது. 2005ஐ ஒப்பிட்டு 2030க்குள் உமிழ்வுச் செறிவை (உள்நாட்டு உற்பத்தி மதிப்பின் ஓர் அலகுக்கு ஆகும் உமிழ்வை) 45 சதவீதம் குறைப்பதாக இந்தியா 2022இல் அறிவித்தது. நகராட்சியிடம் 2005ஆம் ஆண்டுக் கணக்கு இருக்காது என்பதால், வளரும் ஊருக்கு 'இப்படியே போனால்' என்ற கணிப்போடு ஒப்பிட்ட இலக்கு பொருந்தும். அந்தக் கணிப்பில் மக்கள்தொகை வளர்ச்சி வீதத்தை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதை எழுதுங்கள். ஊராட்சிகள் பின்னால் இணைந்த நகரங்களில் 2011 மக்கள்தொகையைப் பழைய எல்லைக்கு எடுத்து, மின்சாரத்தைப் புதிய எல்லைக்கு எடுத்தால் தலைக்கு உமிழ்வு காரணமின்றி ஏறி நிற்கும்.

தாக்கல் செய்யும் தளம் ஆண்டில் சில மாதங்களே திறந்திருக்கும். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து, ஒரு மாதம் முன்பே எல்லாத் தாளையும் தகவல் தந்த பிரிவு அலுவலர்களிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.