லயத்துக்கு ஊழியம் போகிற வாலிபர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்துச் சபைகளிலிருந்து வாலிபர்கள் தேயிலைத் தோட்டங்களுக்கு, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களுக்கு, ஊழியம் போகிறார்கள். சந்தோஷம். ஞாயிறு ஆராதனை, வாலிபர் கூட்டம், வீடு என்று பழகிய வட்டத்தை விட்டு விசுவாசத்தோடு ஓர் அடி வெளியே வைப்பது பெரிய காரியம்தான். ஆனால் அந்த வயதில் நாங்கள் செய்த தவறுகளையே இவர்களும் ஒன்று விடாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை. குடை, அட்டைக்கு உப்பு, கடைசி பஸ் இதெல்லாம் ஒரு தடவை போனால் தானாகத் தெரிந்துவிடும். அதை விடுகிறேன்.

பயம் போகட்டும் என்று காத்திருப்பது

பயம் போகாது. தனக்குத் திக்குவாய் என்று சொன்ன மோசேயின் குறையை நீக்கிவிட்டு ஆண்டவர் அனுப்பவில்லை. துணைக்கு ஆரோனைக் கொடுத்து அனுப்பினார்.

தனியாகப் போவது

வேண்டாம். லூக்கா 10-ல் இயேசுவின் சீஷர்கள் இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பப்பட்டார்கள்.

முதல் தடவையே சாமான் பையோடு போய் இறங்குவது

எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருப்பது இதுதான். அரிசி, பருப்பு, சீனி கட்டிய பைகளோடு வேனில் போய் இறங்குவார்கள். வேதக்கார (கிறிஸ்தவ) வீடுகளை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வரிசையில் நிறுத்திப் படம், ஒரு ஜெபம், அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள்.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இதை நேரில் பார்த்தேன். தொங்கல் வீட்டு, அதாவது வரிசையின் கடைசி வீட்டுப் பாட்டியின் இஸ்தோப்பில்தான் (முன் திண்ணையில்) அந்த லயத்து ஜெபம் நடந்துவந்தது. பிள்ளைகளைக் கண்டதும் பாட்டி அடுப்பைப் பற்றவைத்தார். சீனி பக்கத்துக் காம்பராவில் (அடுத்த குடும்பத்தின் அறையில்) வாங்கியது. எவர்சில்வர் கப்புகளும் அங்கே வாங்கியவைதான். அந்த வீட்டுக்காரர்கள் சைவ சமயத்தவர்கள். அந்த அம்மாவே கப்புகளை முந்தானையால் துடைத்துத் தட்டில் அடுக்கிக் கொடுத்தார். வந்த பிள்ளைகள், "வேணாம் பாட்டி, இப்பதான் குடிச்சிட்டு வந்தோம், நேரமாச்சு" என்று எழுந்துவிட்டார்கள். ஊற்றிய தேத்தண்ணி தட்டிலேயே ஆறியது.

வேன் போய்விட்டது. லயத்துச் சனம் அங்கேதானே இருக்க வேண்டும்? மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதே பேச்சு ஆரம்பித்தது: "உங்க ஆளுங்களுக்கு மட்டுந்தானா?" சாமானுக்காக வேதத்துக்குப் போனவர்கள் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. கொஞ்ச நாளில் இஸ்தோப்பு ஜெபம் நின்றுபோனது. அக்கம்பக்கத்தோடு பாட்டி பல வருடம் கட்டிக்காத்த உறவை ஒரு வேன் கெடுத்துவிட்டுப் போனது. இந்த நாட்டில் அந்தச் சந்தேகம் லேசானதல்ல. 2004-ல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோதும், ஆசை காட்டி ஆள் சேர்க்கிறார்கள் என்பதுதான் முக்கியமான குற்றச்சாட்டு. அது சட்டமாகவில்லை, ஆனால் பேச்சு ஓயவில்லை.

பை கொடுக்கும்போது நம் கைதான் மேலே இருக்கிறது. நகரத்தில் பழகிய அதே மேல்கையைத் தோட்டத்துக்கும் கொண்டுபோகிறோம். அப்படியானால் எந்த வட்டத்தை விட்டு வெளியே வந்தோம்? சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலில் தண்ணீர் கேட்டார். யோப்பாவிலிருந்து செசரியா போய்ச் சேர்வது பேதுருவுக்குப் பெரிய பாடாக இருக்கவில்லை. யூதரல்லாத கொர்நேலியுவின் வாசலைத் தாண்டத்தான் அவருக்குத் தரிசனமே தேவைப்பட்டது. அப்புறம் சில நாள் அங்கேயே தங்கினார். கொடுப்பதைவிட அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து, அவர்கள் தருவதை வாங்கிச் சாப்பிடுவதுதான் நமக்கு வராத காரியம்.

அப்படியென்றால் கொடுக்கவே கூடாதா? 2014 ஒக்டோபர் 29-ல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களையே மூடியது. அப்படிப்பட்ட நேரத்தில் தாராளமாகக் கொடுங்கள். தோட்டத்து ஆட்களிடமே கேட்டு, எல்லாக் காம்பராவுக்கும் கொடுங்கள். படம் வேண்டாம், கூட்டத்துக்கு வரச்சொல்லியும் கேட்காதீர்கள்.

வேலை நேரத்தில் கதவைத் தட்டுவது

காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போனவர்கள் அந்திக் கொழுந்து நிறுத்துவிட்டுத்தான் திரும்புவார்கள். வந்ததும் தண்ணீர், விறகு, சமையல். ஞாயிறு பின்னேரம் போங்கள், அதையும் கேட்டுக்கொண்டு போங்கள்.

ஸ்பீக்கர்

பல பழைய லயங்களில் நடுச்சுவர் கூரைவரை எட்டாது. மெதுவாகப் பாடினாலே அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். அங்கே பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கலாம்.

ஒரே நாளில் எல்லா வீட்டையும் முடிப்பது

வீட்டுக்கு வீடு போகாதிருங்கள் என்றுதான் அதே லூக்கா 10-ல் இருக்கிறது. முதல் தடவை வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போங்கள். ரொட்டி கொடுத்தால் உட்கார்ந்து சாப்பிடுங்கள். யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று கேட்டுப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் அதே வீட்டுக்குப் போகும்போது, வேதத்தைத் திறக்குமுன் அந்த ஆளுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள்.