அடுத்த கேம்பெயின் எது? ஒருவழியாக முடிவானது இப்படித்தான்

ஃபாண்டெல்வர் சுரங்கக் கதை முடிந்ததும் எங்கள் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கதாபாத்திரமாகிக் கதை சொல்லி ஆடும் விளையாட்டு) குழு வாரக்கணக்கில் அப்படியே நின்றுவிட்டது. கையில் மூன்று கேம்பெயின் (பல வாரம் தொடர்ந்து ஆடும் நெடுங்கதை) புத்தகங்கள்: 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' (2016), 'டூம் ஆஃப் அனிஹிலேஷன்' (2017), 'வாட்டர்டீப்: டிராகன் ஹெய்ஸ்ட்' (2018).

முதலில் ஓட்டெடுப்பு. மூன்றுக்கும் சம ஓட்டு. பிறகு விருப்பப்படி வரிசைப்படுத்தச் சொன்னேன். ஸ்ட்ராட் முந்தியது, ஆனால் பேய்க்கதை பிடிக்காத ஒருவர் பேசாமலே இருந்துவிட்டார். கதைச் சுருக்கங்களை வாசித்துக் காட்டியும் பலனில்லை. எல்லாமே நன்றாகத்தானே இருக்கின்றன!

தீர்த்துவைத்தது கதை அல்ல, வருகை. எங்களில் இருவருக்கு ஷிஃப்ட் வேலை. எல்லோரும் கூடுவதே அரிது. ஒருவர் வராத வாரம் அவருடைய கதாபாத்திரம் எங்கே போகும்? இந்தக் கேள்வியோடு மூன்றையும் மறுபடி புரட்டினேன். ஸ்ட்ராட் கதை நடக்கும் பரோவியாவை மூடுபனி அடைத்திருக்கிறது. நினைத்தபோது வெளியேற முடியாது. அனிஹிலேஷன் கதையின் சல்ட் காட்டுக்குள் இறங்கிவிட்டால் ஊர் திரும்பவே பல நாள் நடை. டிராகன் ஹெய்ஸ்ட் நடப்பதோ பெரும்பாலும் ஒரே நகரத்துக்குள். முதல் அத்தியாயத்தின் முடிவிலேயே குழுவுக்கு ஒரு பழைய விடுதி சொந்தமாகிறது. வராதவர் அங்கே கடையைப் பார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

இதில் கதாபாத்திரங்கள் வளரும் நிலைகளும் (லெவல்) 1 முதல் 5 வரைதான். மற்ற இரண்டும் 10, 11 வரை நீளும். நான்கு வில்லன்களில் ஒருவரை டஞ்சன் மாஸ்டர் (கதையை நடத்துபவர்) தேர்ந்தெடுக்க, அதற்கேற்பக் கதை நடக்கும் பருவகாலமும் மாறும். நான் கோடையை எடுத்தேன். அப்பாடா! சனிக்கிழமை தொடங்குகிறோம்.